ஈர விறகும் 175 டிகிரியும்

என் பிழைப்பு வோல்ட்டேஜைக் குறைப்பது. 28 வோல்ட் உள்ளே வரும், 5 வோல்ட் வெளியே போகும், நடுவில் பக் கன்வெர்ட்டர் என்கிற சின்ன சர்க்யூட். கார் சார்ஜர், செட்-டாப் பாக்ஸ், லேப்டாப் என்று வீட்டில் திரும்பிய இடமெல்லாம் கிடப்பதுதான். நான் செய்வது போய் உட்காரும் இடம் மட்டும் வேறு. எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டும்போது துளைமுனைக்குக் கொஞ்சம் மேலே, இரும்புக் குழாய்க்குள், சேற்றுக் குழம்பு சுற்றி ஓடிக்கொண்டிருக்க, திசையையும் அழுத்தத்தையும் அளக்கும் கருவிகளுக்கு அது மின்சாரம் கொடுக்க வேண்டும். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சராசரியாக 25 முதல் 30 டிகிரி ஏறும். ஐந்து கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் இந்த வகைக் கிணறுகள் உண்டு. எனக்குக் கொடுத்த ஸ்பெக் 175 டிகிரி செல்சியஸ்.

அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. எவரும் பார்க்கப் போவதுமில்லை. இருந்தும், இந்த போர்டு அங்கே இத்தனை மணி நேரம் ஓடும் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறேன். என்ன உரிமையில் போடுகிறேன் என்ற கேள்வி அலுவலகத்தில் எழுந்ததே கிடையாது. அங்கே படிவம் இருக்கிறது, கட்டங்களை நிரப்பினால் போதும். கேள்வி எழுந்தது ஞாயிற்றுக்கிழமை சித்தாந்த வகுப்பில்.

பாடம் சிவஞான சித்தியார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதியது. கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், எதையும் அறிவது எப்படி என்று முதலில் தீர்த்துக்கொள்கிறது அந்த நூல். அறியும் வழிகளைப் பத்துவரை நீட்டுவோர் உண்டு. சித்தாந்தம் அவற்றை மூன்றில் அடக்கிவிடும்: காண்டல், கருதல், உரை. கண்ணால் காண்பது, கண்டதை வைத்துக் காணாததை ஊகிப்பது, நம்பத் தகுந்தவர் சொன்னதை ஏற்பது. பாடம் நடத்துபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மலைமேல் புகையைக் காட்டி நெருப்பை நிறுவிவிட்டு, காண்டலைத் தவிர எதையும் ஒப்பாத உலகாயதரை இரண்டே நிமிடத்தில் அனுப்பி வைத்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. டிசைன் ரிவ்யூவில் எனக்கு எதிரே உட்கார வேண்டிய ஆள் அந்த உலகாயதர்.

காரணம் சொல்ல வேண்டுமானால் என் சர்க்யூட்டைக் கொஞ்சம் திறந்து காட்ட வேண்டும்.

பக் கன்வெர்ட்டரில் ஒரு ஸ்விட்ச் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன் ஆகி ஆஃப் ஆகிறது. நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு நேரம் ஆனில் இருந்தால் 28 வோல்ட்டின் சராசரி 5 வோல்ட். அந்த வெட்டுகளை இண்டக்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து நிரவி விடுகின்றன. எல்லாப் பாகமும் குறையற்றதாக இருந்தால் ஒரு துளி சக்திகூட வீணாகாது. நடப்பில், வெளியே 10 வாட் கொடுக்கும் போர்டு, மேசைமேல் 92 சதவீதத் திறனில் ஒரு வாட்டுக்கும் குறைவாகச் சூடாக விடும். அதையே 175 டிகிரியில் வைத்தால் திறன் 85-க்கு இறங்கலாம். அப்போது வீணாவது ஒன்றே முக்கால் வாட்.

ஒன்றே முக்கால் வாட் ஒரு பெரிய விஷயமா என்றால், அது எங்கே போகும் என்பதுதான் விஷயம். வெப்பம் சூடான இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்துக்குத்தான் போகும். சுற்றுப்புறமே 175 என்றால் ஸ்விட்சாக வேலை செய்யும் என் மாஸ்ஃபெட் அதைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். நரகத்தில் இருப்பவன் தன் காய்ச்சலை வெளியே தள்ள நரகத்தைவிடக் கொதிக்க வேண்டிய நிலை. வாட்டுக்கு 15 டிகிரி என்று வெப்பத் தடையை வைத்தால் உள்ளே 201 வந்துவிடும். சூடு ஏற ஏற மாஸ்ஃபெட்டின் மின்தடை ஏறும், தடை ஏறினால் இழப்பு ஏறும், இழப்பு ஏறினால் சூடு. இந்தச் சுற்று ஏதோ ஒரு புள்ளியில் அடங்க வேண்டும், இல்லையேல் ஓடிப்போய்விடும். சிலிக்கானில் கசியும் மின்னோட்டம் பத்து டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பது எங்கள் கைக்கணக்கு. 25-லிருந்து 175-க்குப் போனால் பதினைந்து தடவை இரட்டிக்க வேண்டும். அது முப்பதாயிரம் மடங்கைத் தாண்டும்.

இப்போது அந்த மூன்று வழிகளுக்கு வருகிறேன்.

உரை என்பது எங்களுக்கு டேட்டாஷீட். யாருடைய சொல்லை ஏற்கலாம் என்பதற்கு நம் மரபில் இரண்டு தகுதி கேட்பார்கள்: விஷயம் தெரிந்திருக்க வேண்டும், ஏமாற்றும் எண்ணம் இருக்கக் கூடாது. டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தை எழுதுகிறவருக்கு இரண்டாவது தகுதி கொஞ்சம் இடிக்கும். அடிக்குறிப்பை எழுதுகிறவர் இன்ஜினியர். அதனால் நான் அடிக்குறிப்பிலிருந்து மேலே படிப்பேன். பெரும்பாலான சிலிக்கான் பாகங்களின் வளைகோடுகள் 125-இலோ 150-இலோ நின்றுவிடும். அதற்கு மேல் நூல் மௌனம். எக்ஸ்7ஆர் வகை செராமிக் கெப்பாசிட்டர் 125 வரை தன் மதிப்பில் 15 சதவீதத்துக்கு மேல் மாறாது என்று வாக்குக் கொடுக்கும். 126-இல் என்ன ஆகும் என்று அது சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதால் தடையில்லை என்று எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். வேதத்துக்கு உரை எழுதியவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

காண்டலுக்கு, போர்டைச் சூடேற்றிச் சோதிக்கும் சேம்பர் இருக்கிறது. இரும்புக் கதவு, தடித்த கண்ணாடி ஜன்னல், பக்கவாட்டுத் துளை வழியாக வெளியே வரும் டெஃப்லான் வயர்கள், ஒவ்வொரு பாகத்தின் தலையிலும் தேன் நிறக் காப்டான் டேப்பால் ஒட்டிய தெர்மோகப்பிள். 150-ஐத் தாண்டும்போது போர்டில் கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸ் வாடை அறை முழுக்க வரும். 175-ஐ இங்கே என் கண்ணால் பார்க்கலாம். பார்க்க முடியாதது காலம். ஒரு கருவியின் முழு ஆயுளையும் சேம்பர் முன்னால் உட்கார்ந்து பார்த்து முடிப்பதற்குள் அந்தக் கருவியே பழைய மாடலாகியிருக்கும்.

ஆகவே கருதல். ஸ்வீடன்காரர் ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1889-இல் ரசாயன வினைகளின் வேகம் வெப்பத்தோடு எப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு சமன்பாடு கொடுத்தார். எலெக்ட்ரானிக்ஸ் தொழில் அதைத் தத்தெடுத்துக்கொண்டது. பாகங்கள் கெட்டுப்போவதும் மெதுவான ஒரு ரசாயன வினைதானே, சூட்டைக் கூட்டினால் மூப்பைச் சீக்கிரம் வரவழைக்கலாம் என்பது யோசனை. வழக்கமான சோதனை 125 டிகிரியில் 1,000 மணி நேரம். வினை தாண்ட வேண்டிய ஆற்றல் தடை 0.7 எலெக்ட்ரான் வோல்ட் என்று வைத்தால், அது 55 டிகிரியில் ஏறக்குறைய 78 மடங்கு காலத்துக்குச் சமம். ஆறு வாரம் சேம்பரில் வேகவைத்துவிட்டு ஒன்பது வருஷம் தாங்கும் என்று சொல்கிறோம். அந்த 0.7 உங்கள் பாகத்தில் அளந்ததா என்று கேட்டால் பாதி அலுவலகங்களில் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

உலகாயதர் இங்கேதான் கை தூக்குவார். புகை இருக்கும் இடமெல்லாம் நெருப்பு இருக்கும் என்கிறாய். எல்லா இடத்தையும் எல்லாக் காலத்தையும் பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் அந்த 'எல்லாம்' எங்கிருந்து வந்தது? இன்னொரு கருதலிலிருந்து என்றால் அதற்கு ஆதாரம் எங்கே? இந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொன்னவரை நான் பார்த்ததில்லை. மணிமேகலையில் ஒரு பூதவாதி வருகிறான், காண்பது மட்டுமே மெய் என்பவன். வஞ்சி நகரில் மாறுவேடத்தில் ஒவ்வொரு சமயத்தாரையும் கேட்டுக்கொண்டு வரும் மணிமேகலை அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். உன் தாய் தந்தையரை ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். நல்ல அடிதான். ஆனால் அது அவனை மடக்குகிறது, ஊகத்துக்கு உத்தரவாதம் தரவில்லை. அம்மா யார் என்பதில் நாம் ஊகத்தை நம்புகிறோம் என்று காட்டுகிறதே தவிர, எந்த ஊகத்தை எதுவரை நம்பலாம் என்று காட்டவில்லை. எனக்கு வேண்டியது அந்த 'எதுவரை'.

புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாமல் ஒருநாள் சேம்பரில் காட்டினேன். சாதாரண பவர் ஃபெரைட் வளையம் ஒன்று, மாங்கனீஸ்-துத்தநாக வகை, இடைவெளி வெட்டாதது. அதில் சில சுற்றுக் கம்பி. இண்டக்டன்ஸை அளக்கும் எல்.சி.ஆர். மீட்டரை மாட்டிவிட்டுச் சூட்டை மெதுவாக ஏற்றினோம். அவன் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தான். நூறைத் தாண்டியும் இண்டக்டன்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. 150-இலும் மேலே. 180-இலும் மேலேதான்.

"மேடம், சூட்டுல இது இன்னும் நல்லாத்தானே ஆகுது?" என்றான்.

"எழுதிக்கிட்டே இரு."

இருநூறு வரைக்கும் அவன் பென்சில் மேலேதான் போனது. அதற்கப்புறம் சில டிகிரிக்குள் எண் சரசரவென்று இறங்கி, கடைசியில் வெறும் கம்பிச் சுருளின் மதிப்பில் போய் நின்றது. க்யூரி வெப்பநிலை. அதற்கு மேல் ஃபெரைட் காந்தப் பொருள் கிடையாது, கறுப்புக் கல். அதன் காந்த ஊடுருவல் அந்த எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னால்தான் உச்சத்துக்குப் போகும். கண்டதை வைத்துக் கோடு நீட்டியவருக்கு, விழுவதற்கு முந்திய கணத்தில்தான் நம்பிக்கை மிக அதிகம். ஓடுகிற கன்வெர்ட்டரில் இது நடந்திருந்தால் ஸ்கோப்பில் சாய்வாக ஏறி இறங்கும் முக்கோண மின்னோட்டம் செங்குத்தாக நிமிர்ந்திருக்கும், மறுகணம் மாஸ்ஃபெட் போயிருக்கும்.

அந்தக் கல் எதையும் மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே வகை ஃபெரைட்டின் டேட்டாஷீட்டில் இன்னொரு எண் இருக்கிறது: காந்தம் நிறைந்து திகட்டும் அளவு 25 டிகிரியில் 490 மில்லிடெஸ்லா, 100 டிகிரியில் 390. அது முதலிலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது. பையன் குறித்துக்கொண்டிருந்தது ஏறும் எண்ணை.

நியாய மரபில் இதற்குச் சரியான கருவி ஒன்று இருக்கிறது. புகை இருந்தால் நெருப்பு உண்டு என்பது சரி. திருப்பிப் போட்டு, நெருப்பு இருந்தால் புகை உண்டு என்றால் தப்பு. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. அடுப்பில் புகைவதற்குக் காரணம் விறகின் ஈரம். சமையலறையை மட்டுமே பார்த்தவருக்கு விறகு எப்போதும் ஈரமாகவே கிடைத்ததால் அது ஒரு நிபந்தனை என்றே தோன்றியிருக்காது. இப்படி ஒளிந்திருக்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். ஒரு பொதுவிதியை ஏற்குமுன் உபாதி இருக்கிறதா என்று தேட வேண்டும், தேடியும் கிடைக்காவிட்டால் தற்காலிகமாக ஏற்கலாம் என்பது அவர்கள் முறை.

இதைப் படித்ததும் என் வேலை எனக்கே விளங்கியது. உயர்வெப்ப டிசைன் என்பது முக்கால்வாசி உபாதி தேடுவதுதான். அர்ரேனியஸ் கணக்கின் ஈரம், எல்லா வெப்பநிலையிலும் ஒரே வகைக் கோளாறுதான் நடக்கிறது என்பது. ஈயம்-வெள்ளீயம் கலந்த வழக்கமான சால்டர் 183 டிகிரியில் உருகும். 125-இல் பார்த்த எந்தச் சாய்கோடும் அதைச் சொல்லித் தராது. லித்தியம் உலோகம் 180.5-இல் உருகும், பேட்டரியை நம்பிக் கருவி இறக்குபவர்கள் அந்த எண்ணோடுதான் தூங்கப் போகிறார்கள். அலுமினிய எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் பத்து டிகிரிக்கு ஆயுள் பாதி என்ற விதிப்படி நல்ல பிள்ளையாக மூப்படையும், உள்ளே திரவம் இருக்கும்வரை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஈர விறகு.

சந்தேகத்தையும் எல்லையில்லாமல் விட முடியாது. அதே நியாய மரபைச் சேர்ந்த உதயணர் நியாயகுசுமாஞ்சலியில் சொல்கிறார்: சந்தேகம் செல்லுபடியாவது, சந்தேகப்படுபவரின் சொந்த நடத்தையே அதை மறுக்கும் இடம் வரைக்கும்தான். பின்வந்தவர்கள் அதை விரித்தார்கள். புகை வேண்டி நெருப்பு மூட்டுகிறாய், பசி தீரச் சோறு தின்கிறாய், எனக்குப் புரியும் என்று நம்பித்தான் என்னோடு பேசவே செய்கிறாய், பிறகென்ன சந்தேகம்? ரிவ்யூவில் எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுப்பவர்களிடம் இதைச் சொல்ல ஆசை. லிஃப்ட்டில் ஏறித்தானே ஐயா ஆறாவது மாடிக்கு வந்தீர்கள்.

உலகாயதரிலேயே புரந்தரர் என்று ஒருவர் இருந்தார். அவர் நூல் கிடைக்கவில்லை, எதிர்க்கட்சியார் எடுத்தாண்டதால் அவர் கருத்து மிஞ்சியது. உலக வழக்கில் பழகிய ஊகங்களை அவர் ஒப்புக்கொண்டார். உலகத்தைக் கடந்தவற்றுக்கு அதே ஊகத்தை நீட்டாதே என்றார். சோதித்துப் பார்க்கக்கூடிய எல்லைக்குள் கருதல் செல்லும், வெளியே செல்லாது. நான் புரந்தரர் கட்சி. இதை வகுப்பில் சொன்னதில் சின்னச் சலசலப்பு.

ஏனென்றால் அடுத்த பாடம் குடமும் குயவனும். குடம் தோன்றியது, அதனால் குயவன் உண்டு. உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது, அதனால் அதைச் செய்பவன் உண்டு. மெய்கண்டாரின் சிவஞானபோதம் முதல் சூத்திரத்திலேயே நிறுவுவது இது. மண் போல மாயை, திரிகை போலச் சக்தி, குயவனைப் போல இறைவன்.

"ஐயா, நாம பார்த்த குயவன் எல்லாருக்கும் உடம்பு இருந்துச்சு, கை இருந்துச்சு. அது ஈர விறகு இல்லையா?" என்று கேட்டேன். கேள்வி என்னுடையது அல்ல, பழங்காலத்து எதிர்வாதிகள் இந்த இடத்தில் வைத்த உபாதிதான்.

ஐயாவுக்குக் கோபம் வரவில்லை. "இறைவனுக்குச் சங்கற்பம் போதும் அம்மா. கை எதுக்கு?"

"சங்கற்பம் போதும்னு நமக்கு எப்படித் தெரியும்? குயவன்கிட்ட பார்த்ததா?"

"ஆகமம் சொல்லுது."

"அப்ப அது உரை ஐயா. கருதல் இல்ல."

"உரைன்னா குறைச்சலா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். குறைச்சல் இல்லை. இறைவனை நான் ஊகித்து அடையவில்லை. அம்மா கைபிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிய சன்னதியில் இன்றும் நிற்கிறேன், அவ்வளவுதான். அது முழுக்க உரையின் வழி வந்தது, அதை ஊகமாக வேடம் போட்டுக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. போர்டு விஷயத்தில் அப்படி இருக்க முடியாது என்பதற்குக் காரணம், தப்பானால் விலை கொடுப்பவர் யார் என்பது. என் பக்தி பொய்த்தால் நஷ்டம் என்னோடு. போர்டு நின்றால் அஞ்சு கிலோமீட்டர் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி மேலே எடுக்க வேண்டும், கடலில் நிற்கும் ரிக்கின் வாடகை நாளுக்குப் பல லட்சம் டாலர், இரவுநேரக் குளிர்காற்றில் அதைக் கழற்றப்போகிறவர்களை எனக்குத் தெரியாது. பிறர் தலையில் விழும் விஷயத்தில் உரையை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போடுவது எனக்குப் பாவமாகப் படுகிறது.

ஊகம் தவறி, நல்லதாகவே முடிந்த கதையும் உண்டு. 1982 மார்ச் 1-ஆம் தேதி சோவியத்தின் வெனேரா 13 விண்கலம் வெள்ளி கிரகத்தில் இறங்கியது. தரையில் சூடு 457 டிகிரி. 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று செய்தார்கள், 127 நிமிடம் பேசியது. ஐயாவிடம் சொன்னபோது அருள் என்றார். என் வாய் மார்ஜின் என்று சொல்லப் பார்த்தது. ஆனால் நாலு மடங்கு தாங்கியதை வைத்து அவர்கள் கணக்கு சரி என்று சொல்லிவிட முடியாது. எதனால் தாங்கியது என்று தெரியாதவரை, அடுத்த கலத்துக்கு அந்த 127 ஒரு உதவியும் செய்யாது.

இப்போது அலுவலகத்தில் நடக்கும் சண்டைக்கு வருகிறேன். 175-க்கு நன்றாக ஓடுகிற போர்டை 200 என்று விற்கலாமா என்று விற்பனைப் பக்கம் கேட்கிறது. ஃபெரைட்டை எடுத்துவிட்டு நிக்கல்-இரும்பு-மாலிப்டினம் தூள் கோர் போட்டாகிவிட்டது, அதன் க்யூரி எல்லை 450-க்கும் மேலே. போர்டு பாலிமைட். சால்டர், 300-ஐ ஒட்டி உருகும் அதிக ஈயக் கலவை. ஸ்விட்சுக்கு சிலிக்கான் கார்பைடு. சிறிய கெப்பாசிட்டர்கள் சி0ஜி வகை, அவை 200-ஐச் சட்டை செய்யாது. இடிப்பது ஒன்றுதான்: பெரிய கெப்பாசிட்டருக்கு வெட் டான்டலம், அதன் உச்ச வரம்பே 200.

175-க்கு நான் ஆயுள் சொன்னது, 200-இல் வேகவைத்து மூப்பைத் துரிதப்படுத்திப் பார்த்ததால். 200-க்கே ஆயுள் சொல்ல வேண்டுமானால் 225-இல் வேகவைக்க வேண்டும். 225-இல் டான்டலம் வேறு ஏதோ காரணத்தால் சாகும், அந்தச் சாவு 200-இன் மூப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லாது. ஏறுவதற்கு மேலே படி இல்லை. அப்படியானால் கருதலுக்கு வழியில்லை, 200-இலேயே வைத்து, நிஜமான காலத்தில், கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். உலகாயதர் கேட்டது இதைத்தான்.

"எத்தனை மாசம் ஆகும் மேடம்?" என்கிறார்கள். எத்தனை மாத ஆயுள் எழுத வேண்டுமோ அத்தனை மாதம் என்றேன். சேம்பரை வேறொரு டீம் டிசம்பர் வரை எடுத்து வைத்திருக்கிறது. ரெண்டாவது சேம்பருக்கான கொட்டேஷன் இந்த வாரம் கையெழுத்துக்குப் போகிறது.